விற்ற கடையே திரும்ப வாங்கட்டும்

நீண்ட நாள் படுக்கையில் கிடந்த ஒருவர் காலமாகிறார். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, வீட்டார் அவருடைய அலமாரியை ஒழிக்கத் தொடங்குகிறார்கள். வேட்டி சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம். சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. மருந்துப் பைதான் மிஞ்சுகிறது. பாதி தீர்ந்த ரத்த அழுத்த மாத்திரை, பிரிக்காத சர்க்கரை மாத்திரை அட்டைகள், மூன்றே நாளில் மருத்துவர் நிறுத்தச் சொன்ன ஆன்டிபயாட்டிக், வலிக்குத் தடவிய களிம்பு, இருமல் சிரப், ஃப்ரிட்ஜ் கதவில் இன்சுலின். இவற்றை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கேட்டால் தெருவில் பதில் சொல்ல ஆளில்லை. கடைசியில் பை குப்பை வண்டியில் ஏறுகிறது. இல்லையென்றால் மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் அதிகாரிகள், மருத்துவர்கள், செய்தித்தாள்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைத் தருகிறார்கள்: மக்களுக்கு விழிப்புணர்வு போதாது. அதற்கு மருந்தாகத் துண்டறிக்கை அச்சடிக்கப்படுகிறது, கருத்தரங்கு நடக்கிறது, கல்லூரி மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். அறிவுரை மட்டும் மாறுவதில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுங்கள், மண்ணோடோ காப்பித் தூளோடோ கலந்து பையில் கட்டுங்கள், பிறகு குப்பையில் போடுங்கள்.

இந்தப் பார்வை அடிப்படையிலேயே தவறு. மக்கள் தெரியாமல் செய்வதாகச் சொல்லப்படும் காரியத்தை அவர்கள் வேறு வழியில்லாமல் செய்கிறார்கள். வழியை அமைக்க வேண்டியவர்கள் யார், அந்தச் செலவை ஏற்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வியை விழிப்புணர்வுப் பேச்சு பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. மருந்தைத் தயாரித்து விற்று லாபம் பார்த்தவர்கள் பேச்சிலேயே வருவதில்லை. மிச்சமானதைச் சுமக்கும் வீட்டுக்காரர் மட்டும் குற்றவாளியாக நிற்கிறார்.

சட்டத்தைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். 2016-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், காலாவதியான மருந்தைப் பெயர் சொல்லியே வீட்டு அபாயக் கழிவு என்ற வகையில் சேர்த்தன. பூச்சிமருந்து டப்பா, உடைந்த பாதரச வெப்பமானி, தீர்ந்த பேட்டரி இவற்றோடு மாத்திரையும் அதே வரிசையில் இருந்தது. இந்தக் கழிவைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் உள்ளாட்சி அமைப்புகள் திறக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப்படி 22 மையங்களாவது வேண்டும். மீந்த மருந்தோடு அப்படியொரு மையத்தின் வாசலுக்குப் போன குடும்பம் எத்தனை இருக்கும்? குடிமக்களின் கடமையும் உள்ளாட்சியின் கடமையும் ஒரே விதிப் புத்தகத்தில்தான் எழுதப்பட்டன. பிரச்சாரத்தில் முதல் பாதி மட்டும் ஒலிக்கிறது.

மருத்துவமனைகளுக்கு வேறு விதி. அதே 2016-இல் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மருத்துவமனை தனக்கு வேண்டாத மருந்தை உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அதற்கென்று அமைந்த எரியுலையில் எரிக்க வேண்டும். புற்றுநோய் மருந்தென்றால் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். இன்று கீமோ மருந்துகள் பலவும் மாத்திரையாக வந்துவிட்டன. நோயாளி வீட்டில் உட்கார்ந்து விழுங்குகிறார். வார்டில் மிஞ்சினால் இவ்வளவு கட்டுப்பாடு தேவைப்படும் அதே மாத்திரை, வீட்டில் மிஞ்சினால் காய்கறித் தோலோடு போய்விடலாம் என்பதை எந்த வேதியியலும் ஏற்காது.

காப்பித் தூள் அறிவுரை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. அது அமெரிக்க அரசு தன் மக்களுக்குச் சொன்னது, அதுவும் மருந்தைத் திரும்ப ஒப்படைக்க வழியில்லாதபோது இரண்டாம் பட்சமாக. குழந்தையோ நாயோ குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அங்கே நகராட்சிக் குப்பைக் கிடங்கின் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும், கசியும் நீரைச் சேகரிக்கக் குழாய் இருக்கும். அப்படியிருந்தும், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் 19 குப்பைக் கிடங்குகளின் கசிவுநீரைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தேடிய 202 வேதிப்பொருள்களில் 129 கிடைத்தன. மருந்துகளும் அவற்றில் உண்டு.

இங்கே பெருங்குடிக் குப்பைமேடு எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மடியில். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடம் அது. கொடுங்கையூரிலும் அடியில் விரிப்பில்லாமல் பல பத்தாண்டுக் குப்பை குவிந்தது. சிறு நகரங்களில் நிலைமை இதைவிட மோசம். ஏரிக்கரையோ ஆற்றோரமோதான் குப்பை கொட்டும் இடம். மாடு மேயும், நாய் கிளறும், மழை பெய்தால் எல்லாம் கரைந்து ஓடும். கட்டி வைத்த பையைத் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கிறார், ஏனென்றால் அதில் விற்கக்கூடிய பிளாஸ்டிக் இருக்கலாம். அந்தப் பைக்குள் இன்சுலின் ஊசியும் கிடக்கும். ஆகவே, குப்பையில் போடுங்கள் என்ற அறிவுரை இந்த ஊர்க் குப்பையின் கதி தெரியாத அறிவுரை.

கழிப்பறையின் கதையும் இதுதான். நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மலத்தையும் அழுக்கையும் நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்க வைப்பதற்காகக் கட்டப்பட்டது. மருந்தைப் பிரிப்பது அதன் வேலைத் திட்டத்திலேயே இல்லை. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் அந்த நிலையத்துக்குள் நுழைந்த வேகத்திலேயே ஏறக்குறைய முழுசாக வெளியே வந்துவிடும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் செப்டிக் டேங்க் நிரம்பியதும் லாரி வந்து உறிஞ்சுகிறது, அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்பது பல ஊர்களில் எல்லோரும் அறிந்த ரகசியம். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் லிஜி பிலிப் தலைமையிலான குழு காவிரியின் நீரைப் பல இடங்களில் எடுத்துச் சோதித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. வலி நிவாரணிகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், ஆன்டிபயாட்டிக்கான சிப்ரோஃப்ளாக்சசின், கூடவே கார்பமாசெபின் எல்லாம் ஆற்றில் இருந்தன. தஞ்சை நெல்லுக்கும் எத்தனையோ ஊர்களின் குடிநீருக்கும் அந்த ஆறுதான்.

இந்த நேரத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்தாக வேண்டும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளைக் கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றலாம் என்று சொன்னது. ஃபென்டனில், மார்ஃபின், டிரமடால் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. ஃபென்டனில் ஒட்டுப்பட்டையைப் பயன்படுத்திக் கழற்றிய பின்னும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து அதில் மிஞ்சியிருக்கும். அதை வீட்டில் ஒரு நாள் வைத்திருப்பதைவிடச் சாக்கடைக்கு அனுப்புவது மேல். இந்த 17-க்கு மட்டுமான விதிவிலக்கு, செய்தியாகப் பரவும்போது எல்லா மாத்திரைக்குமான அனுமதிபோல மக்கள் காதில் விழுந்தது. அதே வழிகாட்டுதல், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து திரும்பப் பெறும் திட்டம் தொடங்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அந்தப் பகுதிக்குத் தலைப்புச் செய்தியில் இடம் கிடைக்கவில்லை.

இனி, எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும் வாதங்களுக்கு வரலாம்.

ஒரு வீட்டின் நாலு மாத்திரையால் ஆறு கெட்டுவிடுமா என்பது முதலாவது. நியாயமாகத் தோன்றும் கேள்வி. மருந்து என்ற பொருளின் தன்மையை மறந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். மிகச் சிறிய அளவில் உயிருள்ள உடம்பைத் தொட்டு மாற்றுவதற்காகவே அது தயாரிக்கப்படுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றில் 260 என்ற எண் கொண்ட ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் கலந்தார்கள். அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஐந்தாறு பங்கு. ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் சுரந்தது. ஏரியிலிருந்த சிறு மீன் இனம் ஒன்று அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. கேரன் கிட்டும் அவருடைய சகாக்களும் 2007-இல் இதை வெளியிட்டபோது, சிறிய அளவு என்ற சமாதானத்துக்கு அறிவியலில் இடமில்லாமல் போனது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாறு கழுகுகளைப் பார்த்தால் போதும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு அழிந்தன. மாட்டுக்கு வலி தணியப் போட்ட டைக்ளோஃபினாக் காரணம் என்று 2004-இல் நிறுவப்பட்டது. இது மீந்த மருந்தை வீசியதால் வந்த அழிவு அல்ல, மாட்டுக்குச் சிகிச்சையாகக் கொடுத்ததால் வந்தது. இருந்தாலும் அதில் கிடைத்த ஒரு கணக்கு இங்கே பொருந்தும். எல்லா மாட்டுப் பிணங்களிலும் மருந்து இருக்க வேண்டியதில்லை, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் நச்சளவு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தருவதை அரசு 2006-இல் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்க்கொண்டே இருந்தன. 2015-இல் மனிதருக்கான குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அந்த ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் பறக்கின்றன என்றால் அதில் இந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. கவனிக்க வேண்டியது இதுதான். நாட்டுப்புறக் கால்நடை வளர்ப்போரிடம் விழிப்புணர்வு பேசியதோடு விஷயம் நின்றிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. குப்பியின் அளவைச் சட்டம் போட்டுக் குறைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வாதம் வலுவானது. ஆற்றில் கலக்கும் மருந்தில் பெரும்பகுதி மனித உடம்பின் வழியாக, சிறுநீரிலும் மலத்திலும்தான் வருகிறது, வீசியெறிவதால் வருவது சிறு பங்கு என்கிறார்கள். உண்மை. மெட்ஃபார்மின் உடம்பில் சிதைவதேயில்லை, உள்ளே போன மாதிரியே வெளியே வரும். மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் களிம்பில் தோல் வழியாக ரத்தத்தில் சேர்வது ஆறேழு விழுக்காடு. மற்றதில் பெரும்பகுதி குளிக்கும்போது சாக்கடைக்குப் போகிறது. 104 நாடுகளில் 258 ஆறுகளைச் சோதித்து 2022-இல் வெளியான யார்க் பல்கலைக்கழகத்தினரின் ஆய்வு, கார்பமாசெபின், மெட்ஃபார்மின், காஃபீன் மூன்றும் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்ததாகச் சொன்னது. மருந்து சாப்பிடுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

அதனாலேயே மீந்த மருந்து முக்கியமாகிறது. நோயாளியின் உடம்பு வழியாக வருவதைத் தடுக்க ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலும் ஓசோனும் செயலூட்டிய கரியும் வேண்டும். சுவிட்சர்லாந்து 2016 முதல் தலைக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை வசூலித்து அதைச் செய்துவருகிறது. இங்கே சாதாரணச் சுத்திகரிப்பே எட்டாத ஊர்கள் ஏராளம். விழுங்கப்படாத மாத்திரையோ யாருடைய உடம்பிலும் சிதையாமல், நோயைத் தீர்க்காமல், ஒரு மில்லிகிராம் குறையாமல் முழுசாகப் போகிறது. அட்டையில் அடைபட்டு, வீட்டு அலமாரியில், கையில் எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதைத் தடுக்க முடியும். பெரும்பங்கை இன்று தடுக்க முடியாது என்பதற்காக, தடுக்கக்கூடிய பங்கையும் விட்டுவிடலாம் என்பது வாதமாகாது.

அலமாரியில் கிடப்பதாலும் ஆபத்து உண்டு. போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை இந்தத் தடவைச் சளிக்கு இரண்டு நாள் போட்டுப் பார்ப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. பாட்டியின் சர்க்கரை மாத்திரையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ள, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. ஆற்றுக்காகச் செய்யப்போகும் ஏற்பாடு இந்த உயிர்களையும் காக்கும்.

மூன்றாவதாகத் தொழிற்சாலைகளைக் காட்டுகிறார்கள். ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் குழு சோதித்து 2007-இல் எழுதியது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். ஒரு நாளில் வெளியேறியது சுமார் 45 கிலோ. இதன் முன் வீட்டு மாத்திரை தூசு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் அடுத்த அடியை எடுத்து வைப்பதில்லை. 2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுத்து வரைவு விதி வெளியிட்டது. 2021-இல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன. ஆலையின் வாசலிலும் பொறுப்பு கிடையாது, வீட்டு வாசலிலும் பொறுப்பு கிடையாது என்றால் நடுவில் நிற்கும் நோயாளி மட்டும் எதற்குப் பொறுப்பு? ஆலையைக் காட்டி வீட்டை விடச் சொல்வதும், வீட்டைக் காட்டி ஆலையை விடச் சொல்வதும் ஒரே தரப்புக்குத்தான் உதவுகின்றன.

எல்லாவற்றையும்விட அடிக்கடி காதில் விழுவது, நடைமுறைக்கு ஒத்துவராது என்ற பேச்சு. பல்லாயிரம் கடைகளிலிருந்து மருந்தைத் திரும்பச் சேகரிப்பது எப்படிச் சாத்தியம் என்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் எவரையாவது கேட்டுப் பார்த்தால் தெரியும், அது நாள்தோறும் நடக்கும் காரியம். விற்காமல் தேதி முடிந்த அட்டைகளைக் கடைக்காரர் தனியாக எடுத்து வைக்கிறார். எக்ஸ்பைரி ரிட்டர்ன் என்று அதற்குப் பெயர். மொத்த வியாபாரியின் ஆள் வந்து எடுத்துப்போகிறார். அங்கிருந்து அது கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி அதற்கு ஈடாகக் கிரெடிட் நோட் போட்டுக் கொடுக்கிறது. தாமதம், தகராறு எல்லாம் உண்டு, ஆனாலும் பல்லாண்டாக ஓடும் வழி இது. கடையிலிருந்து ஆலை வரைக்கும் பாதை போட்டாயிற்று. வீட்டிலிருந்து கடை வரைக்குமான கடைசித் தெருதான் பாக்கி. விற்காத சரக்கு திரும்புவதில் பணம் இருக்கிறது, அதனால் அந்தப் பாதை பிறந்தது. விற்ற சரக்கு திரும்புவதில் யாருக்கும் பணம் இல்லை. பிரித்த அட்டையோடு கவுன்டரில் நின்றால், “வித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாதுங்க” என்ற பதில் கிடைப்பது இதனால்தான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் எடுத்துக்கொண்டால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்று யாரும் இல்லை.

பணம் இல்லாத இடத்தில் சட்டம்தான் பாதை போட வேண்டும். மற்ற பொருள்களுக்கு இந்தியா அதைச் செய்திருக்கிறது. பேட்டரி தயாரிப்பவர் தீர்ந்த பேட்டரிக்குப் பொறுப்பு என்று 2022-இல் விதி வந்தது. பழைய டயருக்கும் கணினிக்கும் கைபேசிக்கும் அந்த ஆண்டே புதிய விதிகள் வந்தன. பிளாஸ்டிக் உறைகளுக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு உண்டு. மாத்திரை அடைத்த அட்டையின் பிளாஸ்டிக்குக்குச் சட்டத்தில் பொறுப்பாளி இருக்கிறார், அதற்குள் இருக்கும் மருந்துக்கு இல்லை. இந்த இடைவெளி ஏன் இத்தனை ஆண்டு அடைபடாமல் இருக்கிறது என்று மக்கள் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக்கே இதில் அனுபவம் உண்டு. நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதாக வழக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியபின், 2022-இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடும் திட்டம் தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதற்கு முன்னால் எத்தனையோ பலகைகள் காட்டில் நின்றன, பாட்டிலை வீசாதீர்கள் என்று. பலகை செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்க முடிந்த அரசால் மாத்திரையைத் திரும்ப வாங்க முடியாது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

வெளியூர் உதாரணங்களும் இதையே காட்டுகின்றன. ஸ்வீடனின் மருந்தகங்கள் 1970-களின் தொடக்கத்திலிருந்தே மிச்ச மருந்தைத் திரும்ப வாங்குகின்றன. பிரான்சில் 1993-இல் மருந்துத் துறையே பணம் போட்டு சிக்லமெட் என்ற அமைப்பை உருவாக்கியது. 2007 முதல் அங்கே எந்த மருந்தகமும் மறுக்க முடியாது, வாங்கியே தீர வேண்டும். போர்த்துகலிலும் ஸ்பெயினிலும் இதே ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் எல்லா உறுப்பு நாடுகளும் சேகரிப்பு முறை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கழிவுநீரிலிருந்து இத்தகைய நுண் மாசுகளை நீக்கும் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்றது.

நிறுவனங்கள் தாமாக முன்வந்தன என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டி 2012-இல் மருந்துத் தயாரிப்பாளர்களே திரும்பப் பெறும் செலவை ஏற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியபோது, அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் போனது. 2014-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. அதன் பிறகு அமெரிக்காவின் வேறு பல பகுதிகள் துணிந்து அதே சட்டத்தை எழுதின. இங்கே சென்னையில் 3 மில்லி குப்பிக்காக நடந்த வழக்கையும் அங்கே நடந்த வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தடை எங்கிருந்து வரும் என்பதில் குழப்பம் இருக்காது.

மிச்ச மருந்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். 1992-க்கும் 1996-க்கும் இடையில் பொஸ்னியாவுக்கு உலகம் முழுவதும் இருந்து வந்து குவிந்த தான மருந்துகளில் சுமார் 17,000 டன் யாருக்கும் பயன்படாமல் அழிக்க வேண்டிய சுமையாயிற்று. ஒரு வீட்டில் எந்த வெப்பத்தில், எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாத மருந்தை இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்பதில்லை. பிரான்சும் மீந்த மருந்தை ஏழை நாடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தை 2008-இன் முடிவில் நிறுத்திவிட்டது.

பக்கத்து மாநிலம் தொடங்கிவிட்டது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் என்-பிரவுட் என்ற திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. மருந்தகங்களில் பெட்டி வைத்தார்கள், கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வழியாக வீடுகளிலிருந்தும் திரட்ட ஏற்பாடு செய்தார்கள். சேர்ந்த மருந்து எர்ணாகுளத்தில் உள்ள கழிவு மேலாண்மை நிறுவனத்துக்குப் போகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே லாரிகளில் திரும்ப அள்ளிச் செல்லப்பட்டது. பெட்டி வைப்பதோடு வேலை முடிவதில்லை. பெட்டி எங்கே காலியாகிறது, எந்த எரியுலையில் எத்தனை கிலோ எரிகிறது என்ற கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஊரின் நல்ல எண்ணம் அடுத்த ஊரின் கால்வாயில் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயத்தில் தமிழ்நாடு கேரளத்தைவிட வசதியான நிலையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து, மருத்துவர் எப்போது அளவை மாற்றினார், யார் இறந்துபோனார் என்பது அவர்களுக்குத் தெரியும். கொடுக்கும்போதே மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவர்களைவிடப் பொருத்தமான ஆள் யாரும் கிடைக்க மாட்டார்கள். அதற்கு அவர்களுக்குத் தனியாக ஊதியம் தர வேண்டும். கூடுதல் வேலையைச் சேவை என்ற பெயரில் சுமத்தக் கூடாது. திரும்பி வரும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால் அரசுக்கும் ஒரு பயன் உண்டு. எந்த மருந்தை மக்கள் விழுங்காமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும், ஏன் என்று கேட்க முடியும், அடுத்த கொள்முதலில் திருத்திக்கொள்ள முடியும்.

மிச்சமே வராமல் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. ஐந்து மாத்திரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குப் பத்து மாத்திரை அட்டையை முழுசாக வாங்கச் சொல்லும் கடைகள் உண்டு. வெட்டினால் தேதியும் பேட்ச் எண்ணும் போய்விடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அதில் உண்மையும் இருக்கிறது. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் தேதி அச்சிட்டு, கிழிக்கத் தோதாகத் துளைக்கோடு போட்ட அட்டை வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023-இல் மருந்துத் துறையினரிடம் பேசியது. பேச்சு ஆணையாக வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு குடும்பம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்த 17 மருந்துகளைத் தவிர மற்றவற்றைக் கழிப்பறையில் கொட்டாமல், எரிக்காமல், தனிப் பையில் மூடிப் பூட்டி வைத்து, அருகிலுள்ள மருத்துவமனையின் மருந்தகம் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் அந்தக் குடும்பத்தைக் கடிந்துகொள்ள யாருக்கும் உரிமையில்லை.

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை செய்ய வேண்டியது நீளமான பட்டியல் அல்ல. சென்னையிலோ கோவையிலோ மாநகராட்சியின் ஒரு மண்டலத்தை எடுத்துக்கொள்ளட்டும். அங்கே உரிமம் பெற்ற ஒவ்வொரு மருந்துக்கடையிலும் பூட்டிய பெட்டி ஒன்று இருக்க வேண்டும், மொத்த வியாபாரியின் வண்டி எக்ஸ்பைரி சரக்கை எடுக்க வரும்போது அதையும் எடுத்துப்போக வேண்டும் என்று ஆணையிடட்டும். ஓர் ஆண்டு முடிவில் எத்தனை கிலோ, எந்தெந்த நிறுவனத்தின் மருந்து என்று எடைபோட்டுக் கணக்கை வெளியிடட்டும். எரித்த செலவுக்கான பில், அந்தப் பங்கின்படி, மருந்து தயாரித்த நிறுவனங்களுக்குப் போகட்டும்.